எண்ணுகிறார்கள், படிப்பதில்லை

ஜெஃப்ரி ஹின்டன் இன்று ஓர் இளைஞராக, தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஒன்றின் கணினி அறிவியல் துறையில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு மனுப் போட்டால், அந்த மனு அலுவலக மேசையைத் தாண்டாது. 1970இல் கேம்பிரிட்ஜில் அவர் வாங்கியது சோதனை உளவியலில் இளங்கலைப் பட்டம். 1978இல் எடின்பரோவில் வாங்கியது செயற்கை நுண்ணறிவில் முனைவர் பட்டம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு விதிமுறை கேட்பதோ சம்பந்தப்பட்ட பிரிவில் பி.இ.யும் எம்.இ.யும், இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பும். இரண்டும் அவரிடம் கிடையாது. 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசை அவரோடு பகிர்ந்துகொண்ட ஜான் ஹாப்ஃபீல்டின் மனுவும் அதே மேசையில்தான் கிடக்கும். அவருடையது கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1958இல் பெற்ற இயற்பியல் முனைவர் பட்டம்.

இரண்டு மேதைகளைக் காட்டி ஒரு விதியைக் கவிழ்ப்பது நியாயமான வாதம் ஆகாது. ஆயிரக்கணக்கான மனுக்களைக் கழித்துக் கட்டும் எந்த விதியும் எப்போதாவது ஓர் அரிய ஆளைத் தவறவிடும். அதற்காக விதியே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஹின்டனும் ஹாப்ஃபீல்டும் தங்கள் துறையில் விதிவிலக்குகள் இல்லை. அவர்களைப் போல வந்து சேர்ந்தவர்களால்தான் அந்தத் துறையே உருவானது. மூளையின் நரம்பணுக்கள் கணக்குப் போடும் முறையைச் சமன்பாடுகளாலும் கணினி மாதிரிகளாலும் ஆராய்வது கணிப்புசார் நரம்பியல். 1952இல் கணவாயின் தடித்த நரம்பிழையில் மின்துடிப்பு ஓடும் விதத்தைச் சமன்பாடாக எழுதிய ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் உடலியங்கியல்காரர்கள். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் இந்தியாவின் கணிப்புசார் நரம்பியலுக்கு அடித்தளம் போட்ட உபிந்தர் பல்லா, உயிரணுவுக்குள் நடக்கும் வேதிச் சைகைகளைக் கணினியில் ஓட்டிக் காட்டியவர். இப்படிப்பட்டவர்களிடம் ‘சம்பந்தப்பட்ட பிரிவு எது’ என்று கேட்டால் நேர்மையான பதில், ‘அந்தப் பிரிவு இன்னும் உங்கள் பட்டியலில் இல்லை’ என்பதுதான்.

கணினி அறிவியலிலும் அதன் எல்லையில் நிற்கும் இந்தத் துறையிலும் பல்கலைக்கழகங்கள் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை சரியா என்பதை நான் பினாங்கிலிருந்து எடைபோடுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. இந்தக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மிண்டனில் யூ.எஸ்.எம். என்று நாம் அழைக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தரப்போவது யார் என்பதை அங்கே கூடும் தேர்வுக் குழு முடிவு செய்கிறது. அதே ஊரில் பாயான் லெப்பாசில் 1972 முதல் இன்டெல் இருக்கிறது. கணினியில் நல்ல தலை உள்ளவரைக் கொத்திக்கொண்டு போக ஆள் காத்திருக்கும் ஊரில், பல்கலைக்கழகம் தவறான கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால், அந்த ஆள் மறுபடி அந்தப் படி ஏற மாட்டார்.

யூ.எஸ்.எம்.மின் வரலாறு இந்த வழக்குக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 1969இல் நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகமாகத் தொடங்கியபோது, பீடங்கள் என்ற பழைய பிரிவினையை விட்டு, துறைகள் ஒன்றோடொன்று கலக்கட்டும் என்று ‘புசாட் பெங்காஜியான்’ எனப்படும் கல்வி மையங்களாகத் தன்னை வகுத்துக்கொண்டது. அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான முடிவு. ஆனால் இன்று கணிப்புசார் நரம்பியலில் ஒருவரை அங்கே நியமிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி அறிவியல் மையம் பினாங்குத் தீவில் மிண்டனில் இருக்கிறது. மின் பொறியியல் நிபோங் தெபாலில், பாலம் தாண்டிப் பெருநிலத்தில். நரம்பியல் துறையோ மருத்துவ வளாகத்தோடு கிளந்தானில், குபாங் கெரியானில், தீபகற்பத்தின் மறுகரையில். நோயாளியின் மூளை மின்னலைப் பதிவு ஒரு கரையில், அதை அலசத் தெரிந்தவர் மறுகரையில், அந்தக் கருவியின் மின்சுற்றை அறிந்தவர் இடையில். எந்த மையத்தின் பணியிடத்தில் அவரை உட்கார வைப்பது? கணினி மையம் ‘இவர் மூளைக்காரர்’ என்னும். நரம்பியல் துறை ‘இவர் மருத்துவர் இல்லையே’ என்னும். இது யூ.எஸ்.எம்.முக்கு மட்டுமான சிக்கல் இல்லை. பணியிடங்களைத் துறைவாரியாகப் பூட்டி வைத்திருக்கும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் இங்கேதான் தடுக்கி விழுகின்றன.

சென்னை ஐ.ஐ.டி. இதை வேறு வழியில் தீர்த்தது. மூளையின் அடித்தள முடிச்சுகளைக் கணினி மாதிரிகளாக்கி பார்க்கின்சன் நோயை ஆராயும் வி. ஸ்ரீனிவாச சக்கரவர்த்தி அங்கே உயிரித் தொழில்நுட்பத் துறையில் பேராசிரியர். 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தை வழிநடத்தும் மோகனசங்கர் சிவப்பிரகாசம் மின் பொறியியல் பேராசிரியர். அவருடைய குழுதான் கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 வெட்டுப் படங்களாகப் பதிந்து, ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகத்துக்குத் திறந்து வைத்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரிஷிகேஷ் நாராயணன் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவில் இருக்கிறார். துறைப் பெயரைப் பார்த்தால் ஒருவரும் ‘கணினி அறிவியல்’ பலகையின் கீழ் இல்லை. இந்தியாவின் நல்ல கணிப்புசார் நரம்பியல் பணிகள் வளர்ந்தது, விதியைத் தளர்த்திப் படிக்கத் தெரிந்த சில நிறுவனங்களில். அவற்றுக்கு வெளியே, மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் இணைப்புக் கல்லூரிகளிலும் விதி இறுக்கமாகவே நிற்கிறது. பெரும்பாலான தமிழ் மாணவர்கள் படிப்பது அங்கேதான்.

பட்டப் பொருத்தம் என்ற வாசலைத் தாண்டி வந்தவரை அடுத்து எதிர்கொள்வது எண்ணிக்கை. என் பார்வையில் பெரிய கேடு இதுதான், ஆகவே இதில் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

மலேசியப் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றின் விண்ணப்பத்தில் கட்டுரைப் பட்டியலுக்குப் பக்கத்தில் வரும் கேள்விகளைப் பாருங்கள். இதழ்த் தரவுத்தளங்களான ஸ்கோபஸில் உள்ளதா, வெப் ஆஃப் சயன்ஸில் உள்ளதா, இதழ்த் தரவரிசையின் முதல் கால்பகுதியான க்யூ1ஆ அடுத்த க்யூ2ஆ, நீங்கள் முதல் ஆசிரியரா தொடர்பு ஆசிரியரா. உயிரியலில் இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு பொருள் உண்டு. அங்கே வேலை செய்தவர் பெயர் முதலில் வரும், ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியில் வரும். கோட்பாட்டுக் கணினி அறிவியலில் ஆசிரியர் பெயர்கள் அகரவரிசையில் அச்சாகின்றன. ‘வ’வில் தொடங்கும் பெயர்க்காரர் வாழ்நாள் முழுக்கக் கடைசியில்தான் நிற்பார், தேற்றத்தை நிறுவியவர் அவராகவே இருந்தாலும். இயந்திரக் கற்றலில் உலகின் முதல்தரக் கட்டுரைகள் நியூரிப்ஸ், ஐ.சி.எம்.எல். போன்ற மாநாடுகளில் வெளிவருகின்றன. மாநாட்டுத் தொகுப்புக்கு இதழ்களைப் போல க்யூ1 தரவரிசை கிடையாது. ஆக, துறையின் மிகக் கடினமான வாசலைக் கடந்த ஒருவர் அந்தப் பத்தியைக் காலியாக விட வேண்டும், எளிதில் ஏற்றுக்கொள்ளும் ஓர் இதழில் நான்கு கட்டுரை போட்டவர் பத்தியை நிரப்பிவிடுவார். கணிப்புசார் நரம்பியல்காரருக்கு நிலைமை இன்னும் மோசம். அவருடைய பாதிக் கட்டுரைகள் மாநாட்டு வழக்கத்தில், மீதி ஆண்டுக்கணக்கில் இழுக்கும் உயிரியல் இதழ்களின் வழக்கத்தில். எந்த அளவுகோலை எடுத்தாலும் அவர் பாதி ஆளாகவே தெரிவார்.

இது யாரும் அறியாத செய்தி இல்லை. 1999இலேயே அமெரிக்கக் கணினி ஆய்வுச் சங்கம், டேவிட் பேட்டர்சன், லாரன்ஸ் ஸ்னைடர், ஜெஃப்ரி உல்மன் ஆகிய மூவரின் கையெழுத்தில் ஒரு குறிப்பை வெளியிட்டது. கணினி அறிவியலில் மாநாட்டுக் கட்டுரையை இதழ்க் கட்டுரைக்குக் கீழாக வைக்காதீர்கள், உருவாக்கிய அமைப்புகளையும் மென்பொருளையும் ஆய்வாகவே மதியுங்கள் என்பது அதன் சாரம். பினாங்குக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் வெளியே தேட வேண்டியதில்லை. யூ.எஸ்.எம்.மில் தேசிய மேம்பட்ட ஐ.பி.வி6 மையத்தை நிறுவி நடத்திய சுரேஸ்வரன் ராமதாஸ், இணையத்தில் பலர் ஒரே நேரத்தில் கூடிப் பேசும் அமைப்பை உருவாக்கி வணிகத்துக்கும் கொண்டுபோனவர். அப்படிப்பட்டவரின் உழைப்பில் பாதியை எந்த மேற்கோள் எண்ணிக்கையும் காட்டாது. 2015இல் அதே சங்கம் இன்னொரு படி மேலே போய், வேலைக்கு எடுக்கும்போது மனுதாரரின் சிறந்த ஒன்றிரண்டு கட்டுரைகளை வைத்தே முடிவெடுங்கள், எண்ணிக்கையை விடுங்கள் என்று பரிந்துரைத்தது.

எண்ணிக்கை என்ன செய்யும் என்பதற்கு இந்தியா நடத்திக் காட்டிய பாடம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, கருத்தரங்குக்கு இத்தனை புள்ளி. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் நாடெங்கும் பெருகின. கடைசியில் 2018 மே மாதம் அந்தக் குழுவே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்க வேண்டியதாயிற்று. நீக்கப்பட்ட இதழ்களில் எழுதிப் புள்ளி வாங்கி வேலையில் சேர்ந்தவர்கள் வேலையில் இருக்கிறார்கள். புள்ளி வாங்கத் தெரியாமல் ஒரு கடினமான கேள்வியோடு ஐந்து ஆண்டு மல்லுக்கட்டியவர் வெளியே நின்றார்.

இத்தனைக்குப் பிறகும் எண்ணிக்கைக்கு ஒரு வலுவான தரப்பு உண்டு, அதை நான் மதிக்கிறேன். எண் முகம் பார்க்காது. குழுவில் இருப்பவரின் மைத்துனன், அமைச்சரின் ஊர்க்காரன், பணப்பெட்டி கொண்டுவந்தவன், எல்லாரையும் அது ஒரே கோட்டில் நிறுத்துகிறது. தமிழ்நாட்டில் பேராசிரியர் நியமனங்களில் பணம் விளையாடியதாக வழக்குகளே நடந்திருக்கின்றன. குழுவுக்கு ‘மனம்போல் முடிவு செய்யும் உரிமை’ கொடுத்தபோதெல்லாம் அந்த மனம் யார் பக்கம் போனது என்பது ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்களுக்குத் தெரியும். பினாங்கில் தோட்டப்புறத்திலிருந்து படித்து வந்த தமிழருக்கும் தெரியும். அவர்கள் எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதில் அறியாமை எதுவும் இல்லை, அனுபவம் இருக்கிறது. எண்ணிக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று அவர்கள் கேட்கும்போது, பதில் சொல்ல வேண்டிய கடமை என்னைப் போன்றவர்களுக்கு இருக்கிறது.

அமெரிக்க வழியை வைக்கலாமா? அங்கே புள்ளி கிடையாது. பரிந்துரைக் கடிதம் உண்டு, படித்த இடத்தின் பெயர் உண்டு, ஒரு நாள் முழுக்கப் பேசிப் பழகிப் பார்ப்பது உண்டு. நம்மவர் பலர் இதைப் பொற்கால முறையாகப் பேசுகிறார்கள். தரவு வேறு சொல்கிறது. 2015இல் ஆரன் கிளாசெட்டும் உடன் ஆய்ந்தவர்களும் கணினி அறிவியல், வணிகம், வரலாறு ஆகிய மூன்று துறைகளில் ஏறக்குறைய 19,000 ஆசிரியர்களின் நியமனத்தைத் தொகுத்தார்கள். கால்பங்கு நிறுவனங்களே 71 முதல் 86 விழுக்காடு ஆசிரியர்களை உற்பத்தி செய்திருந்தன. தான் முனைவர் பட்டம் பெற்ற இடத்தைவிட மதிப்பில் உயர்ந்த இடத்தில் வேலை கிடைத்தவர்கள் 9 முதல் 14 விழுக்காடு மட்டுமே. 2022இல் நேச்சர் இதழில் வந்த பெரிய ஆய்வு 368 பல்கலைக்கழகங்களில் 2,95,089 ஆசிரியர்களைப் பார்த்தது. அமெரிக்காவில் பட்டம் பெற்றவர்களில் எட்டில் ஒருவர் பெர்க்லி, ஹார்வர்டு, மிஷிகன், விஸ்கான்சின்-மேடிசன், ஸ்டான்ஃபோர்டு என்ற ஐந்தே இடங்களிலிருந்து வந்தவர்.

‘நல்லவர்கள் நல்ல இடத்தில் படித்தார்கள், அதனால் வேலை கிடைத்தது, இதில் என்ன தவறு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் கணினி அறிவியல் துறையிலேயே கிடைத்திருக்கிறது. 2019இல் சாமுவேல் வேயும் கூட்டாளிகளும் அமெரிக்கா, கனடாவில் முனைவர் பட்டம் தரும் 205 கணினித் துறைகளையும் எடுத்துக்கொண்டு, பணியின் தொடக்க ஆண்டுகளில் இருந்த 2,453 ஆசிரியர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஒருவர் எவ்வளவு ஆய்வு வெளியிடுவார் என்பதைத் தீர்மானித்தது அவர் படித்த இடம் இல்லை, வேலை பார்க்கும் இடம். நல்ல மாணவரும் நேரமும் பணமும் உள்ள துறையில் போய்ச் சேர்ந்தவர் அதிகம் எழுதினார், எங்கே படித்திருந்தாலும். எனக்கு இந்த ஆய்வு மிக முக்கியமானது. பெரிய பெயரைப் பார்த்து ஆளை எடுத்தால், அந்தப் பெயர் நம் வளாகத்துக்குக் கூடவே வந்துவிடாது. வந்தவரை வளர்க்கும் சூழல் நம்மிடம் இருக்கிறதா என்பதே கேள்வி. இங்கிலாந்துப் பட்டத்துக்கு எழுந்து நிற்கும் மலேசியக் குழுக்களும், அமெரிக்கப் பட்டத்துக்கு எழுந்து நிற்கும் இந்தியக் குழுக்களும் இதை ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் நகைக்கடைகளிலும் நாணய மாற்றுக் கடைகளிலும் ஒரு காலத்தில் வேலைக்கு ஆள் வந்தது சிபாரிசில்தான். கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரத்துக் கரையூர்களிலிருந்தும் ‘இவன் நம்ம பையன்’ என்று ஒருவர் சொன்னால் போதும், கல்லாவில் உட்கார வைப்பார்கள். அந்த முறை வேலை செய்ததற்குக் காரணம், பையன் கை நீட்டினால் சொன்னவர் ஊரில் தலைகாட்ட முடியாது. சிபாரிசுக்கு விலை இருந்தது. பேராசிரியர் எழுதும் கடிதத்துக்கு அந்த விலை கிடையாது. எல்லாரையும் ‘தலைசிறந்தவர்’ என்று எழுதிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு: அந்தக் கடைகளுக்குள் வெளியூர்க்காரன் நுழைந்ததே இல்லை. நம்பகமான வட்டம், ஆனால் மூடிய வட்டம். பொதுமக்கள் வரியில் ஓடும் பல்கலைக்கழகத்துக்கு அது பொருந்தாது.

மலேசியா மூன்றாவதாக ஒரு வழியைப் பெரிய அளவில் நடத்திப் பார்த்திருக்கிறது. முதல்தர மாணவரைப் பல்கலைக்கழகமே முன்கூட்டித் தேர்ந்தெடுத்து, உபகாரச் சம்பளம் கொடுத்து முனைவர் பட்டத்துக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் விரிவுரையாளர் ஆக்குவது. சில ஆண்டுகள் இங்கேயே பணியாற்றுவதாக ஒப்பந்தம். இந்தத் திட்டத்தின் நன்மையைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெளிநாட்டுப் படிப்பைக் கனவிலும் நினைக்க முடியாத குடும்பங்களிலிருந்து ஒரு தலைமுறை ஆசிரியர்களை அது உருவாக்கியது. ஆனால் கணினித் துறையில் இதற்கு ஒரு தனிப் பலவீனம் உண்டு. 2011இல் ஒருவரைப் படங்களில் பொருளை அடையாளம் காணும் ஆய்வுக்கு அனுப்பினீர்கள் என்று வையுங்கள். அன்றைய வழக்கப்படி, கையால் வடிவமைத்த அடையாளக் கூறுகளை வைத்து அவர் தலைப்பைப் பதிவு செய்திருப்பார். 2012இல் ஹின்டனின் மாணவர்கள் ஆழ்கற்றலைக் கொண்டு அந்த வழக்கத்தையே மாற்றிவிட்டார்கள். நம்மவர் பட்டத்தோடு திரும்பும்போது அவர் கற்ற கருவி பழசாகியிருக்கும், வேலையோ முன்பே உறுதியாகிவிட்டது. அவர் புதிதாகக் கற்றுக்கொள்வாரா என்பது அவர் குணத்தைப் பொறுத்தது. அந்தக் குணத்தை முதல் வகுப்புச் சான்றிதழ் சொல்லாது.

நட்சத்திரங்களுக்கு இருக்கை அமைப்பது நான்காவது வழி. கிரிஸ் கோபாலகிருஷ்ணன் கொடுத்த நிதியில் சென்னை ஐ.ஐ.டி.யில் மூளைக் கணிப்புக்கென இருக்கைகள் உருவாகி, எச்.என். மகாபலா பெயரிலான இருக்கைக்கு கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் பார்த்தா மித்ரா வந்துபோனார். நல்ல காரியம், மாணவர்களுக்குக் கதவு திறந்தது. ஆனால் வந்துபோகிறவர் முதலாண்டு மாணவருக்கு நிரல் எழுதச் சொல்லித்தர மாட்டார். கொடையாளர் இல்லாத பல்கலைக்கழகத்துக்கு இந்த வழியே கிடையாது.

ஆக, எஞ்சுவது படித்துப் பார்ப்பது. மனுதாரர் தன் பணியில் சிறந்தவை என்று மூன்றைக் கொடுக்கட்டும். கட்டுரையோ மென்பொருளோ தரவுத் தொகுப்போ எதுவானாலும் சரி. குழு அதைப் படித்துவிட்டு அதைப் பற்றிக் கேட்கட்டும். இருபது நிமிட நேர்முகத் தேர்வில் ‘எத்தனை க்யூ1 வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு ஆய்வு நிதி கொண்டுவருவீர்கள்’ என்று கேட்டு முடிப்பதற்கும், ‘உங்கள் மாதிரியில் டோபமைனைப் பாதியாகக் குறைத்தால் கை நடுக்கம் வருகிறது என்கிறீர்கள், வேறு எதைக் குறைத்தாலும் அதே நடுக்கம் வராது என்று எப்படித் தெரியும்?’ என்று கேட்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. இரண்டாவது கேள்விக்கு அவர் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டும் ஐந்து நிமிடத்தில், அவர் வகுப்பில் எப்படிப் பாடம் நடத்துவார் என்பதும் தெரிந்துவிடும்.

இதற்கு எதிராக உள்ள கனமான ஆதாரத்தை மறைக்கக் கூடாது. 2014இல் நியூரிப்ஸ் மாநாட்டை நடத்திய கொரின்னா கோர்டெஸும் நீல் லாரன்ஸும் ஒரு சோதனை செய்தார்கள். 166 கட்டுரைகளை ஒன்றுக்கொன்று தெரியாமல் இரண்டு குழுக்களிடம் கொடுத்தார்கள். 43 கட்டுரைகளில் இரு குழுவும் எதிரெதிர் முடிவெடுத்தன. ஒரு குழு ஏற்றுக்கொண்டவற்றில் பாதிக்கு மேற்பட்டதை மற்றது நிராகரித்திருந்தது. துறை வல்லுநர்கள் படித்துப் பார்த்ததன் லட்சணமே இது என்றால், நாலு பேர் குழு படித்து என்ன ஆகப்போகிறது? பல கட்டுரைகளை எண்ணும்போதாவது தப்பும் சரியும் ஒன்றையொன்று ஈடுகட்டுமே?

நன்றாக யோசித்துப் பார்த்தால் இந்த வாதம் எண்ணிக்கையைக் காப்பாற்றவில்லை. எண்ணப்படும் ஒவ்வொரு கட்டுரையும் இப்படிப்பட்ட ஒரு குழுவின் முடிவுதான். இளம் ஆய்வாளரிடம் இருப்பதோ நான்கைந்து. சராசரி எடுத்துப் பிழையைக் கரைக்க அது போதாது. மாநாட்டுக் குழு மனுதாரரை நேரில் வைத்துக் கேள்வி கேட்பதும் இல்லை. தேர்வுக் குழுவுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. எல்லா மனுதாரரையும் ஒரே வரிசையில், முன்கூட்டியே எழுதிவைத்த கேள்விகளால் விசாரித்து, ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகு கூடிப் பேசினால் பிழை குறையும்; மறையாது. அந்த எஞ்சிய பிழையை ஒப்புக்கொள்வதில்தான் எனக்கு இந்த வழக்கின் இன்னொரு முடிச்சு அவிழ்கிறது.

அது ஒதுக்கீடு. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய உயர்கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களுக்கு ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியது. எட்டு ‘சிறப்பு நிறுவனங்களுக்கு’ விலக்கு. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையமும் அவற்றுள் ஒன்று. 2020இல் டெல்லி ஐ.ஐ.டி. இயக்குநர் ராம்கோபால் ராவ் தலைமையிலான குழு, ஐ.ஐ.டி.களையும் அந்த விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. தரம் குறையும் என்பதே இத்தகைய வாதங்களின் அடிநாதம். தரத்தை நூலிழை வித்தியாசத்தோடு அளக்க முடியும் என்ற நம்பிக்கையில் நிற்கும் வாதம் அது. உலகின் முதல்தர வல்லுநர்களுக்கே எந்தக் கட்டுரை நல்லது என்பதில் உடன்பாடு வராத துறையில், தகுதிக் கோட்டைத் தாண்டிய இருவரில் இவர்தான் மேல் என்று அடித்துச் சொல்ல எந்தக் குழுவாலும் முடியாது. சேர்ந்த பிறகு ஆளை வளர்ப்பது சூழல் என்பதையும் மேலே பார்த்தோம். ஆகவே அந்த விலக்குக் கோரிக்கை என் தராசில் நிற்கவில்லை, மூளை மையத்துக்குக் கொடுத்த விலக்கும் நிற்கவில்லை.

ஒதுக்கீட்டைச் சென்னைத் தமிழர் ஒரு பக்கத்திலிருந்தும் பினாங்குத் தமிழர் மறுபக்கத்திலிருந்தும் பார்க்கிறார்கள். மலேசிய அரசியல் சட்டத்தின் 153ஆம் பிரிவு மலாய்க்காரர், சபா சரவாக் பூர்வகுடியினர் ஆகியோரின் சிறப்பு நிலையைப் பாதுகாக்கிறது. நம் பிள்ளைகள் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். அதற்காக அங்கே சரி என்றதை இங்கே தவறு என்று நான் சொல்லப்போவதில்லை. இரு இடத்துக்கும் ஒரே கோரிக்கைதான்: ஒவ்வொரு பணியிடத்துக்கும் எத்தனை பேர் மனுச் செய்தார்கள், எத்தனை பேர் அழைக்கப்பட்டார்கள், எந்தெந்தச் சமூகத்தார், எத்தனை பெண்கள், யாருக்குக் கிடைத்தது, என்ன காரணம் என்பதைப் பெயர் நீக்கிப் பொதுவில் வையுங்கள். எண்ணிக்கை வேண்டிய இடம் இது. மனுதாரரை எண்ணுவதை விட்டு, குழுவின் முடிவுகளை எண்ணுவோம். கள்ளத்தனத்துக்கு எதிராக எளியவர் கையில் உள்ள ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டேன் என்ற குற்றச்சாட்டுக்கு என் பதிலும் இதுதான்.

மலேசியாவின் தேசிய மொழி நிபந்தனை பற்றி ஒரு வார்த்தை. நிரந்தரப் பணிக்கு மலாயில் தேர்ச்சி கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. மாணவரின் மொழி தெரியாத ஆசிரியர் பாதி ஆசிரியர்தான். ஆனால் குடியுரிமை இல்லாதவரைச் சில ஆண்டு ஒப்பந்தத்திலேயே நிறுத்திவைத்தால், அவர் ஒரு முனைவர் பட்ட மாணவரைக்கூடக் கரைசேர்க்க முடியாது. மொழி கற்றுத் தேறியவருக்கு நீண்ட பணி என்று வைக்கலாம்.

என் தீர்ப்பு இது. பட்டப் பொருத்த விதி கணினி அறிவியலுக்கும் கணிப்புசார் நரம்பியலுக்கும் பொருந்தாது. முனைவர் பட்டமும் பணியும் போதும், இளங்கலை எதில் என்பதைக் கேட்காதீர்கள். கட்டுரை எண்ணிக்கையும் க்யூ வரிசையும் தேர்விலிருந்து முழுவதுமாகப் போக வேண்டும். படித்த இடத்தின் பெயர் குழு பார்க்கும் தாளில் இருக்கவே கூடாது. ஒதுக்கீடு இருக்க வேண்டும். எல்லைத் துறைகளுக்கென்று பணியிடத்தில் ஒரு பகுதியை எந்தத் துறைக்கும் சொந்தமில்லாமல் துணைவேந்தரின் கையில் வைத்து, இரண்டு துறைகள் சேர்ந்து கேட்டால் மட்டுமே கொடுக்க வேண்டும். யூ.எஸ்.எம். இதைச் செய்யக்கூடிய இடத்தில் இருக்கிறது. 2012இல் தன்னாட்சி அறிவிக்கப்பட்ட ஐந்து பல்கலைக்கழகங்களில் அதுவும் ஒன்று, துறைகள் கலக்க வேண்டும் என்பது அதன் பிறப்பிலேயே எழுதிய கொள்கை. மிண்டனும் குபாங் கெரியானும் சேர்ந்து ஒரே ஒரு பணியிடத்தை நிரப்பிக் காட்டினால் போதும், மற்றப் பல்கலைக்கழகங்கள் பின்னால் வரும்.

தேர்வுக் குழுக்களில் அமரும் தமிழ்ப் பேராசிரியர்கள் பினாங்கிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறீர்கள். விதி மாறும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த நேர்முகத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே மனுதாரர்களின் கட்டுரைகளைக் கேட்டு வாங்குங்கள். படிக்கக் கொடுக்கவில்லை என்றால், அந்த மனுவுக்கு மதிப்பெண் போட மறுத்துவிடுங்கள், மறுத்த காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.